கட்டிலுக்கு அடியில் கங்காணி

ஹந்தானை
04.02.2024

இந்த நாயை வளர்த்தவருக்கு,

வணக்கம். நீங்கள் ஆணா பெண்ணா, வயதானவரா சின்னவரா என்று எனக்குத் தெரியாது. நாய்க் காப்பகத்து மிருக வைத்தியர் ஆஸிகா டொக்டரிடம் உங்கள் போன் நம்பரைக் கேட்டேன். "விட்டுட்டுப் போனவங்கட பேரும் செல்ல ஏலா, நம்பரும் தர ஏலா. எழுதித் தாங்க, கையில சேத்து உடுறன்" என்றார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சஞ்சீவனி. கண்டி டவுனில் துணிக்கடையில் நிற்கிறேன். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதம் ஒரு தரம் வருவார். மற்ற நாட்களில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கடைசிக் காம்பரா, அந்த ஒற்றை அறையில் நான் தனிதான். பொங்கலுக்கு முன்னால் யாரோ என் கூரைத் தகரத்தைக் கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள். அன்றோடு என் தூக்கம் போனது. ஒரு நாய் இருந்தால் குரைக்கும், குரைத்தால் நாலு பேர் எழும்பி வருவார்கள் என்றுதான் காப்பகத்துக்குப் போனேன்.

அங்கே மற்ற நாயெல்லாம் கம்பியில் ஏறிக் குதித்தன. உங்கள் நாய் மெதுவாக வந்து என் கால்மேல் உட்கார்ந்துகொண்டது. செம்பட்டை நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டை, மடிந்த காது. பெயர் என்ன என்று கேட்டேன். கங்காணி என்றார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. கொழுந்து மலையில் எங்கள் பெண்களை அதட்டி வேலை வாங்குகிற கங்காணியின் பெயரை நாய்க்கு வைத்த அந்தப் புண்ணியவான் யார்? எங்கள் டிவிசனின் நிஜக் கங்காணி கறுப்பையா அண்ணன் இப்போது என் வாசல் பக்கம் வருவதே இல்லை. "கங்காணி, சாப்பிட வாடா" என்று நான் கூப்பிட்டால் லயமே சிரிக்கிறது.

ஆனால் இவன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். யார் வந்தாலும் சத்தம் இல்லை. மேட்டில் மோட்டார் சைக்கிள் ஏறுகிற சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். தொட்டுப் பார்த்தால் உடம்பு நடுங்குகிறது. பிறவியிலேயே ஊமையா? அப்படியென்றால் காப்பகத்தில் சொல்லியிருக்க வேண்டாமா? காவலுக்கு நாய் எடுத்த நான் இப்போது நாய்க்குக் காவல் இருக்கிறேன்.

பதில் போடுங்கள். இவன் சாப்பிடுவதற்கு என்ன பிடிக்கும் என்றும் எழுதுங்கள். நான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை தன் தட்டைத் தொட மாட்டேன் என்கிறான்.

சஞ்சீவனி


13.02.2024

அன்புள்ள அக்கா,

ஊர் போடவில்லை, பெயரும் போடவில்லை. தயவுசெய்து கோபிக்க வேண்டாம்.

அவன் ஊமை இல்லை. குட்டியாக இருந்தபோது தோட்டம் முழுக்கக் கேட்கும்படி குரைப்பான். கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பின்னாலேயே நிரை நிரையாகப் போவான். யாராவது உட்கார்ந்து வெற்றிலை போட்டால் முன்னால் நின்று குரைப்பான். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

வீட்டில் ஒருவருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அவன் குரைத்தால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நாய்மேல் விழாது. வேறு ஓர் ஆள்மேல் விழும். சில தரம் பார்த்த பிறகு அவனுக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு அவன் குரைக்கவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வறுத்த கருவாட்டுத் தலை பிடிக்கும். பரோட்டாவும் பிடிக்கும்.

அக்கா, ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி வெளியே கூப்பிடாதீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். வேறு பெயர் வையுங்கள், எதுவானாலும் சரி. போனில் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அவன் உங்கள் கால்மேல் உட்கார்ந்தான் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு ஓர் ஆளைப் பிடித்துப்போனால்தான் அப்படி உட்காருவான்.


ஹந்தானை
25.02.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா என்று நீங்கள் எழுதியதால் தங்கச்சி என்று எழுதுகிறேன். உங்கள் கடிதம் வியாழக்கிழமைதான் கைக்குக் கிடைத்தது. டொக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் காப்பகத்துக்கு வருகிறார். அது முந்திய வாரமே வந்திருந்தால் என் வாயைக் கட்டிப்போட்டிருப்பேன்.

போன ஞாயிறு கம்பளையில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் என் நாயின் கதையைச் சொன்னேன். நான் கதை சொல்ல ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரர்களும் கதிரையைத் திருப்பிக்கொள்வார்கள். மண்டபமே சிரித்தது. எந்தெந்தத் தோட்டத்திலிருந்து வந்த ஆட்களோ, இன்றைக்கு எத்தனை வீட்டில் அந்தக் கதை ஓடுகிறதோ தெரியாது.

ஒரே ஓர் ஆள் சிரிக்கவில்லை. சுத்தமாக உடுத்தியிருந்தார், பேச்சும் தன்மையாக இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்ல பேருங்க்கா. நாய் என்ன நெறம்?" என்று கேட்டார். செம்பட்டை என்றேன். "ஒரு காது மடிஞ்சிருக்குமா?" என்றார். ஆமாம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வாயைப் பிளந்தேன். "இந்த மாதிரி நாய்க்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றார். கிளிப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கம்பளை ஸ்டேஷன் பக்கம் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறாராம். என் போன் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. அதற்கு அங்கேயே ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னவோ அழுத்தினார். நல்ல மனுசன் என்று நாத்தனாரிடமும் சொன்னேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டேன். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட என் நம்பரைத் திரும்ப வாங்க முடியுமா?

அந்த ஆள் யார்? ஏன் என்று கேட்காதீர்கள் என்று எழுதினால் இனி நான் விட மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படுகிற ஆளுக்குக் காரணமாவது தெரிய வேண்டும்.

சஞ்சீவனி


29.02.2024

அக்கா,

அவர் பெயர் நிரஞ்சன். என் கணவர். என் பெயர் பிரேமிளா.

இதை எழுதிவிட்டு வெகு நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே அவர் வர முடியாது என்று தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

அவர் என்னைத் தேட மாட்டார் அக்கா. நாயைத்தான் தேடுவார். போன வருசம் ஒரு தரம் அம்மா வீட்டுக்கு ஓடிப் போனேன். அவர் பின்னால் வரவில்லை, சண்டை போடவும் இல்லை. நாயைக் கொல்லையில் வெயிலில் கட்டிப்போட்டு, எட்டாத தூரத்தில் தண்ணீர்ச் சட்டியை வைத்து, அதைப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அன்றைக்கே நான் திரும்பிப் போனேன். அம்மா எவ்வளவோ சொன்னார், நான் கேட்கவில்லை.

அதனால்தான் இந்த முறை வீட்டை விட்டு வந்தபோது நகையை எடுக்கவில்லை, நாயை எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது எனக்கு இடம் கொடுத்திருக்கிறவர்கள் தொழுகை நடக்கிற வீட்டுக்காரர்கள். இங்கே நாய் வைத்திருக்க முடியாது, அது அவர்களுடைய முறை. என்னை வைத்திருப்பதே பெரிய விசயம். ஆஸிகா டொக்டர் அவர்களுக்குச் சொந்தம். அவர்தான் இரண்டு பேருக்கும் வழி பண்ணினார். எனக்கு மேல் மாடி, அவனுக்குக் காப்பகம். போன் என்றாலே எனக்குக் கை நடுங்கும். எந்த நம்பரையும் நிரஞ்சன் எடுத்துவிடுவார். அவருக்கு அது தொழில்.

நாயைத் திரும்பக் காப்பகத்தில் விட்டுவிடுங்கள். டொக்டர் தூரமாக எங்கேயாவது கொடுத்துவிடட்டும். நிரஞ்சன் கையில் அவன் கிடைத்தால், நிரஞ்சன் மறுபடியும் படம் எடுத்தால், நான் போய்விடுவேன் அக்கா. போகக் கூடாது என்று இந்த வீட்டார் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். ஆனால் போய்விடுவேன். அவரைவிட அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பிரேமிளா


ஹந்தானை
10.03.2024

பிரேமிளா,

இனி நீ என்றே எழுதுகிறேன். இவ்வளவு தெரிந்த பிறகு என்ன நீங்கள், வாங்கள்!

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு காப்பகத்துக்குக் கிளம்பினேன். உனக்காக ஒன்றும் இல்லை, எனக்காகத்தான். என் போனுக்கு யாரோ கோல் எடுக்கிறார்கள். ஹலோ என்றால் பேச்சு இல்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. தனியாக இருக்கிற பொம்பளைக்கு ஏன் இந்த வேலை என்று என்னையே திட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை போனேன். பஸ் வர நேரமாகியது. இவன் என் கால்மேல் உட்கார்ந்துகொண்டான். எங்கே போகிறோம் என்று தெரிந்த மாதிரி தலையைத் தூக்கவே இல்லை. பஸ் வந்தது, நான் ஏறவில்லை. கண்டக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

திரும்பி வந்து பக்கத்துக் காம்பரா ரத்தினம்மாக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ரத்தினம்மாக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பேருதானே அவனுக்குத் தெரியும்? அந்தப் பேர எல்லா நாய்க்கும் வச்சிருவோம்" என்றது.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஹந்தானை என்று சொல்லிவிட்டேன், நிறம் சொல்லிவிட்டேன், காதைச் சொல்லிவிட்டேன். ஆனால் எந்த லயம், எந்தக் காம்பரா என்று கல்யாண வீட்டில் நான் சொல்லவில்லை. வந்தால் விசாரித்துத்தான் வர வேண்டும். விசாரிக்கிறவனுக்கு நாங்கள் பதில் சொல்லுவோமே!

இப்போது எங்கள் லயத்தில் எல்லா நாயும் கங்காணிதான். ரொட்டித் துண்டைக் காட்டிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டோம். கறுப்பு நாய், புள்ளி நாய், ரத்தினம்மாக்காவின் நொண்டி நாய், எல்லாம் அந்தப் பெயருக்கு ஓடி வருகின்றன. கறுப்பையா அண்ணன் காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் நின்று, "இது என்னா அநியாயம்? தொரைகிட்ட சொல்லிப்புடுவேன்" என்று கத்தினார். ரத்தினம்மாக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னது. அதற்குப் பிறகு அவரே தன் வீட்டு நாயையும் கொண்டுவந்து எங்கள் ரொட்டிக்குப் பழக்கிவிட்டுப் போனார்.

எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மேட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறினால் அத்தனை பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாதையைப் பார்க்கிறோம். உன் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். அவனோடு நானும் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

சஞ்சீவனி அக்கா


14.03.2024

அக்கா,

வேண்டாம். இது சின்னப் பிள்ளை விளையாட்டு இல்லை. அவர் முட்டாள் இல்லை. உங்களுக்கு ஏதாவது நடந்தால் நான் எப்படித் தாங்குவேன்?

கதவைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் எதிர்த்துப் பேசாதீர்கள். அவர் சத்தம் போட மாட்டார். சிரிப்பார். தேத்தண்ணீர் கேட்பார், நன்றாக இருக்கிறது என்பார். குடும்பத்தை விசாரிப்பார். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தால் பயப்படுங்கள். அதற்குப் பிறகுதான் கை வரும். வாட்ச் உடைந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே கழற்றுவார். அதை அவர் கழற்றினால் வெளியே ஓடிவிடுங்கள். செருப்புப் போட நிற்காதீர்கள், ஓடுங்கள்.

நாயைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். நான் எழுதிவிட்டேன், உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிரேமிளா


ஹந்தானை
25.03.2024

பிரேமிளா,

வந்தான். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.  முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நாய் என்னிடம்தான் இருக்கிறது. இனி ஆறுதலாகப் படி.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் உன் பிள்ளை உள்ளே போனான். நான் சாக்கை இழுத்துக் கட்டிலுக்கு முன்னால் தொங்கவிட்டேன். நிரஞ்சன் பிரட்டுக் களத்தில் வண்டியை நிறுத்தி, கங்காணி என்று ஒரு நாய் இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறான். "எந்தக் கங்காணி? எங்கூட்டு நாயா, அவுங்கூட்டு நாயா?" என்று ரத்தினம்மாக்கா கேட்டதாம். அவன் சிரித்துக்கொண்டே தானே கூப்பிட்டுப் பார்த்தான். என்ன இனிமையான குரல் அது, பிரேமிளா! "கங்காணி, வாடா கண்ணு." லயத்து நாய்கள் அத்தனையும் ரொட்டி என்று நினைத்து அவன்மேல் பாய்ந்தன. நல்ல காற்சட்டை முழுக்கச் சேறு.

அப்படியும் போகவில்லை. நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டான், என் முகம் அவனுக்குத் தெரியுமே! நேராக என் காம்பராவுக்கு வந்தான். நான் கதவைச் சாத்த நினைத்தேன், கை எழும்பவில்லை. கதிரையை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். தேத்தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றான். என் வீட்டுக்காரரை விசாரித்தான். நீ எழுதியது ஒவ்வொன்றாக நடக்க நடக்க நான் அவன் வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் சப்பாத்துக்கும் நாயின் மூக்குக்கும் நடுவில் அந்தப் பழைய சாக்கு மட்டும்தான். ஒரு மூச்சு, ஒரு முனகல், வால் தரையில் பட்டால்கூடப் போதும். ஒரு சத்தமும் வரவில்லை.

"செம்பட்ட நாயி எங்கக்கா?" என்றான். செத்துப்போச்சு என்றேன். "எங்க பொதச்சீங்க?" என்றான். எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது.  அவன் வாட்சைக் கழற்றினான்.

ஓடு என்று நீ எழுதியிருந்தாய். என் கால் ஓடவில்லை. உள்ளே இவன் இருக்கும்போது எப்படி ஓடுவேன்? நான் செய்தது ஒன்றுதான். இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டி, "கங்காணீ!" என்று கத்தினேன். ஏன் அந்தப் பெயர் வாயில் வந்தது என்று தெரியாது. நாய்கள் வந்தன. நாய்களோடு கறுப்பையா அண்ணனும் வந்தார். "யாரு என்னயக் கூப்புட்டது?" என்று கேட்டுக்கொண்டே வாசலை அடைத்து நின்றார், கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. அவருக்குப் பின்னால் ரத்தினம்மாக்கா. அதற்குப் பின்னால் லயம் முழுக்க.  சும்மா நின்று அவனைப் பார்த்தார்கள். அவன் கொஞ்ச நேரம் சிரித்துப் பார்த்தான். பிறகு வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டான். கொக்கி இரண்டு தரம் தவறியது. அவன் கையும் நடுங்கும் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

போகும்போது, "அவகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொன்னான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

சாக்கைத் தூக்கினால் இவன் நனைந்து கிடக்கிறான், பயத்தில் போன மூத்திரம். நான் அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதேன்.

மறுபடியும் வருவானா, பிரேமிளா?

அக்கா


திகன
02.04.2024

அன்புள்ள அக்கா,

ஊர் போட்டிருக்கிறேன், பாருங்கள். திகனயில் டொக்டரின் சொந்தக்காரர் ஜஹானா மாமி வீட்டு மேல் மாடியில் இருக்கிறேன், உடுப்புத் தைக்கிறேன்.

வருவார். என்னை முழுசாகப் பயப்படுத்தும்வரை வந்துகொண்டே இருப்பார்.

ஒன்றை உங்களிடம் மறைக்க மாட்டேன். உங்கள் கடிதம் என் கைக்குக் கிடைக்க முன்னால் ஒரு நாள் ஹந்தானைக்கு வந்தேன். பதில் இல்லையே என்று பொறுக்க முடியவில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து, மாமியின் கறுப்பு அபாயாவைப் போட்டு, முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். லயத்துக்குக் கீழே வளைவில் நின்றேன். நீங்கள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றீர்கள். உங்களைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. பாதையில் போகிற ஆம்பிளைகள் எல்லாம் அவர் ஆட்களாகத் தெரிந்தார்கள்.

அவன் உங்கள் காலடியில் இருந்தான். முகத்தை மூடியும் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். எழும்பி வேலியோரம்வரை வந்து நின்றான். உடம்பு முழுக்க ஆடியது, அக்கா. வால் மட்டுமில்லை, முதுகு, காது எல்லாம். வாய் மட்டும் திறக்கவில்லை. வேலியைத் தாண்டியும் வரவில்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால் நீங்கள் திரும்பியிருப்பீர்கள், நானும் ஓடி வந்திருப்பேன். அவன் போடவில்லை. சத்தம் போட்டால் எனக்கு அடி விழும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். கண்ணெதிரில் என்னை வைத்துக்கொண்டு அவன் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழவில்லை. கோபம் வந்தது. எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. அடுத்த நாள் உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு ஆஸிகா டொக்டரைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன்.  தண்ணீர் வாங்கிக் குடித்துக் குடித்துச் சொன்னேன். வாட்சைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னை நெருங்கக் கூடாது என்று பாதுகாப்புக் கட்டளை கேட்டு வழக்குப் போடப் போகிறோம். நீங்கள் சாட்சி சொல்வீர்களா என்று கேட்டார்கள். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பயம் போகவில்லை. இதை எழுதும்போதும் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு எழும்பினேன். பாண் ரொட்டி விற்கிற பையன்தான்.

வருகிற ஞாயிறு வருகிறேன், முகத்தை மூடாமல். டொக்டர் தன் வாகனத்தில் கூட்டிக்கொண்டு வருகிறார். வளைவில் நின்றே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். எத்தனை கங்காணி வந்தாலும் வரட்டும், கறுப்பையா அண்ணனும் வரட்டும்.

அவனைக் கட்டிவைக்காதீர்கள் அக்கா. குரைத்தால் அடக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் குரைக்கட்டும். நான் பக்கத்திலேயே நிற்பேன். குரைத்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

பிரேமிளா